வெட்டாத இரண்டு விரல் துணி

இந்த மேடைக்குத் தலைமை தாங்குவதோடு, பழக்கமில்லாத என் பேச்சுக்கும் சேர்த்துத் துணை நிற்கும் வணிகர் சங்கத் தலைவர் அவர்களே! நான் எப்போது உட்காருவேன் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே புன்னகை பூத்திருக்கும் பெரியோர்களே! மடியில் பிள்ளையும் மனத்தில் வீட்டு வேலையுமாக வந்தமர்ந்திருக்கும் தாய்மார்களே! ஊசியை ஏராக்கி, துணியை நிலமாக்கி, உழைப்பை விதையாக்கி, இந்தக் கூடத்தை விளைய வைத்த என் முப்பத்திரண்டு சகோதரிகளே! மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்த கெட்டிக்காரர்களே! நேற்று வரை எங்களுக்குத் தலைவலியாக இருந்து, இன்று சிறப்பு விருந்தினராகத் தலைவாசல் தேடி வந்திருக்கும் விமான நிறுவனத்தின் தரச் சோதனை அதிகாரி அவர்களே!

என்ன சார், முகம் மாறுது? நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே!

அனைவருக்கும் என் வணக்கம்.

நான் வியாபாரி. மேடையேறிப் பழக்கமில்லை, மேசைக்குப் பின்னால் நின்று பேசித்தான் பழக்கம். ஆனால் இன்று பேசியே ஆக வேண்டும். எங்களுடைய இரண்டாவது தையல் கூடத்தைத் திறக்கிறோம். ஊரெல்லாம் ஒரே கேள்வி: "எந்த விமானத்தை நம்பித் தைத்தார்களோ அந்த விமானமே வரவில்லை. ஆர்டர் ரத்தாகிவிட்டது. அப்புறம் எப்படி ஐயா புதுக் கூடம் திறக்கிறார்கள்?" நியாயமான கேள்வி. விமானம் வரவில்லை, விருந்தினர் வந்திருக்கிறார்! ஆர்டர் போனது, கூடம் எழுந்தது! எப்படி?

எப்படி என்றால், இரண்டு விரல் துணியால்!

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், மாடிப்படிக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கும் இடத்தில், ஒற்றைத் தையல் மிஷினோடு தொடங்கினேன். ஸ்கூட்டர் சீட்டுக்கு உறை தைத்தேன். ஸ்கூட்டருக்குப் பிறகு கார். காருக்குப் பிறகு பஸ். பஸ்ஸுக்குப் பிறகு...

"ரயில்!" என்கிறார் அங்கே ஒருவர். இல்லை ஐயா. ரயில்காரர்கள் என்னை வாசலோடு அனுப்பிவிட்டார்கள். தரையில் இடம் தரவில்லை என்றால் வானத்துக்குத்தானே போக வேண்டும்? நேராக விமானம்!

அப்போதுதான் அந்தப் புதிய விமானத்தைப் பற்றிச் செய்தி வந்தது. அதன் இறக்கை நீளம், இரைச்சல் குறைவு, எரிபொருள் சிக்கனம், சன்னல் விசாலம்! குறை என்று ஒன்றே ஒன்றுதான்: அது இன்னும் செய்து முடிக்கப்படவில்லை. நம் விருந்தினரின் நிறுவனம் அதில் இருபது வாங்க ஒப்பந்தம் போட்டது. முதல் எட்டு விமானங்களின் இருக்கைகளுக்கு உறை தைக்கும் வேலை எங்களுக்கு வந்தது. ஒரு விமானத்துக்கு நூற்றெண்பது இருக்கை. மொத்தம் ஆயிரத்து நானூற்று நாற்பது உறைகள். அன்று இந்தச் சகோதரிகள் முன்னால் நின்று, மார்தட்டி, நான் ஒரு வாக்குக் கொடுத்தேன்: "இந்த வேலை எடுத்தாச்சு. இனிமே உங்க மிஷின்ல ஒண்ணுகூட நிக்காது!"

வாக்குக் கொடுப்பது எளிது. அதற்கு மிஷின் வேண்டாம், வாய் போதும்.

இப்போது இந்தக் கதையின் நாயகியைச் சொல்கிறேன். என் அண்ணனின் மனைவி, என் அண்ணி. எங்கள் கூடத்தின் மேற்பார்வையாளர். கழுத்தில் எந்நேரமும் அளவு டேப் தொங்குவதால் எல்லோருக்கும் "டேப்பக்கா". முதலாளி நான் என்று பெயர்ப்பலகை சொல்லும். முதலாளி யார் என்று கூடத்தில் கேட்டால் எல்லா விரலும் டேப்பக்காவைத்தான் காட்டும்.

இங்கே வருவதற்கு முன்னால் அண்ணியும் இந்தச் சகோதரிகளும் பள்ளிச் சீருடை தைத்தவர்கள். சீருடை தைக்கக் கொடுக்கும் தாய்மார்கள் என்ன சொல்வீர்கள்? உரக்கச் சொல்லுங்கள்! ஆம், "வளர்ற பிள்ளை, உள்ள துணி விட்டுத் தைங்க!" அடுத்த வருடம் தையலைப் பிரித்து, சட்டையைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். இருபது வருடம் இதே சொல்லைக் கேட்ட கைகள் அவை. அந்தக் கைகளிடம் விமான இருக்கையின் அளவைக் கொடுத்தேன். தையலுக்கு உள்ளே அரை விரல் துணிதான் விட வேண்டும் என்று அளவுத்தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கைகள் தாளைப் படிக்குமா? பக்கத்துக்கு இரண்டு விரல் விட்டுத் தைத்துவிட்டார்கள். ஒன்றா, இரண்டா? ஆயிரத்து நானூற்று நாற்பதிலும்!

சோதனைக்கு வந்தார் நம் விருந்தினர். ஓர் உறையை எடுத்தார். உட்புறத்தை வெளிப்புறமாகத் திருப்பினார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"என்ன இது? எதுக்கு இவ்வளவு துணி உள்ள?"

அண்ணி ஒரு கணமும் யோசிக்கவில்லை. "வளர்றதுக்கு சார்."

"எது வளரும்? விமானமா?"

கூடமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "அம்மா, விமானத்துல ஒவ்வொரு கிராமும் கணக்கு. இந்தத் துணியை நூத்தியெண்பது சீட்டுக்கும் சேத்துப் பாத்தா ஆறு மாசக் குழந்தை எடை வருது, தெரியுமா?"

"குழந்தைக்காகத்தானே சார் விட்டிருக்கோம்!"

கைதட்டுகிறீர்கள். அன்று நான் கைதட்டவில்லை, தலையில் கைவைத்தேன். அவரை வாசல் வரை கொண்டுவிட்டுத் திரும்பி வந்து, அண்ணியிடம் முதன்முறையாகக் குரலை உயர்த்தினேன்.

"அண்ணி, நீங்க தைக்கிறது டவுசர் இல்ல! அத்தனையையும் அரை விரலுக்கு வெட்டுங்க. இன்னைக்கே!"

"வெட்டலாம் தம்பி. விமானம் எப்ப வருது?"

"ஆறு மாசத்துல."

"அப்ப அஞ்சாவது மாசம் வெட்டுறேன். விட்டத எப்ப வேணும்னாலும் வெட்டலாம், வெட்டினத ஒட்ட முடியாதுல்ல?"

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் முறையிட்டேன். "உங்க அண்ணிகிட்ட நீங்க ஜெயிச்சுட்டா அன்னைக்குச் சொல்லுங்க, பாயசம் வைக்கிறேன்" என்றாள். இன்று வரை எங்கள் வீட்டில் பாயசம் இல்லை.

ஐந்தாவது மாதம் ஒரு கடிதம் வந்தது. விமானம் சற்றே தாமதம். எனக்குத் தெரியாமல் அண்ணி கத்தரியை ஆணியில் மாட்டினார்; நானோ வெட்டியாகிவிட்டது என்றே நினைத்திருந்தேன். அடுத்த வருடம் இரண்டாவது கடிதம். சற்றே தாமதம். கத்தரி ஆணியிலேயே இருந்தது. அதற்கடுத்த வருடம் மூன்றாவது கடிதம். ஒவ்வொரு கடிதத்துக்கும் தாள் மட்டும் தடித்துக்கொண்டே போனது, சேதி அதேதான். வானத்தில் விமானம் தாமதம், கூடத்தில் கத்தரி தாமதம்!

"பேச்சும் தாமதம்!" என்கிறார் மூன்றாவது வரிசை. ஐயா, பறக்கத் தொடங்கிவிட்டேன், இறங்கும் வரை பெல்ட்டைக் கழற்றாதீர்கள்.

பிறகுதான் அந்த வாரம் வந்தது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று ஐம்பது விமானங்கள் வேண்டாம் என்றது. மறுநாள் இன்னொன்று முப்பது வேண்டாம் என்றது. வெள்ளிக்கிழமை காலை, நம் விருந்தினரின் நிறுவனம் இருபதும் ரத்து என்றது. விமானம் செய்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். அரைகுறையாக முடித்துப் பறக்க விடுவதைவிடத் தாமதம் ஆயிரம் மடங்கு மேல். அதில் உட்காரப் போவது நம் பிள்ளைகள். ரத்து செய்தவரையும் குறை சொல்ல மாட்டேன். மூன்று வருடம் வாசலைப் பார்த்தவர் கதவைச் சாத்தினால் தப்பா? ஆனால் என் கூடத்தில் விசிறி உயரத்துக்கு அடுக்கியிருந்த அந்த நீல உறைகளை யார் தலையில் கட்டுவது? வேறு எந்த இருக்கைக்கும் பொருந்தாதே! அதுவரை கூடத்தை ஓட்டிய சில்லறை பஸ் வேலையும் அந்த வாரத்தோடு தீர்ந்திருந்தது, இனித் தைக்க என்ன இருக்கிறது? முப்பத்திரண்டு மிஷின்களும் ஒரே நேரத்தில் நின்ற அந்த அமைதியை நான் கேட்டேன். சத்தத்தில் பிழைத்தவனுக்கு அமைதியைவிடப் பெரிய அதிர்ச்சி ஏது?

வெளிப்படையாகச் சொல்கிறேன்: என் வாக்கை நான் காப்பாற்றத் துணியவில்லை. பழைய மிஷின் வாங்குகிறவருக்குப் போன் செய்து, "திங்கட்கிழமை வந்து பாத்துட்டு எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டேன். இந்தச் சகோதரிகளுக்கு அது தெரியும். தெரிந்தும் ஒருத்திகூட என்னைக் குத்திக்காட்டவில்லை. தேநீர் ஆறிவிடும், குடியுங்கள் என்றார்கள். அந்தத் தேநீர்தான் என் தொண்டையைச் சுட்டது!

அப்போது எனக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டான். ஒரே ஒரு கேள்வி கேட்டான். புது விமானம் வேண்டாம் என்றவர், நாளைக்கு எதில் பறப்பார்?

பயணிகள் வீட்டுக்குப் போய்விட்டார்களா? இல்லை! பயணச்சீட்டு விற்பது நின்றுவிட்டதா? இல்லை! வானம் பூட்டிக்கொண்டதா? இல்லவே இல்லை! புது விமானம் வராது என்றால் பழைய விமானம் ஓயாது என்று பொருள். ஓயாத விமானத்தில் உட்காருகிறவர்கள் ஓய மாட்டார்கள். உட்காருகிறவர்கள் ஓயாவிட்டால் உறை கிழியாமல் இருக்குமா? அவர் அனுப்பியது ரத்துக் கடிதம்; அதற்குள்ளேயே மடித்து வைத்திருந்தது எனக்கான அடுத்த ஆர்டர்!

சனிக்கிழமை காலையில் உறை ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு, விமானங்களைப் பழுது பார்க்கும் கொட்டகைக்குப் போனேன். நம் விருந்தினர் பெருந்தன்மையோடு ஒரு பழைய விமானத்துக்குள் அழைத்துப் போனார். நான் நினைத்தது சரி. உறைகள் வெளுத்து, மூலைகள் பிய்ந்து, பஞ்சு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதே நீலம்! அதே சின்னம்! ஆசையோடு என் உறையை எடுத்து மாட்டினேன்.

மாட்டவில்லை!

புது விமானத்தின் இருக்கை ஒல்லி. பழையது தாட்டியான உடம்பு, ஏறக்குறைய என்னைப் போல. பக்கத்துக்கு ஒன்றரை விரல் பற்றவில்லை. இழுத்துப் பார்த்தேன், முழங்காலை ஊன்றி இழுத்துப் பார்த்தேன். "விடுங்க, கிழிஞ்சிரும்" என்றார் விருந்தினர். ஒன்றரை விரல்! என் கூடத்துக்கும் வாழ்வுக்கும் நடுவில் ஒன்றரை விரல்!

திரும்பி வந்து உறையை மேசையில் எறிந்தேன். அண்ணி கேட்டார்:

"எவ்வளவு பத்தல தம்பி?"

"பக்கத்துக்கு ஒன்றரை விரல். முடிஞ்சு போச்சு அண்ணி."

அண்ணி உறையைத் திருப்பினார், தையலுக்குள் இருந்த துணியை இழுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். முழுசாக இரண்டு விரல்!

"இது... வெட்டலையா?"

"வெட்டல."

"எல்லாமேவா?"

"ஒண்ணுகூட வெட்டல."

"நான் வெட்டச் சொன்னேனே அண்ணி!"

"நீங்க சொன்னீங்க தம்பி. நாந்தான் கேக்கல."

மேலே பத்துப் பதினைந்து உறைகளைப் புரட்டிப் பார்த்தேன். அத்தனையிலும் இரண்டு விரல்! ஐயா, விமானம் வளராது என்று சிரித்தோமே, இருக்கை வளர்ந்து வந்து நின்றது பார்த்தீர்களா! கேட்காத அண்ணியைக் கொடுத்த என் அண்ணனுக்கு அன்றைக்கு மனத்துக்குள் ஒரு மாலை போட்டேன்.

நான் யாரையும் அழைக்கவில்லை. முப்பத்திரண்டு பேரும் தாமாகவே அவரவர் மிஷினில் போய் உட்கார்ந்தார்கள். பிளேடால் தையலைப் பிரித்தார்கள், துணியை விட்டார்கள், புதிதாகத் தைத்தார்கள். ஒரே ஒரு சிக்கல். பழைய தையல் இருந்த இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. சீருடையிலும் அப்படித்தான் தெரியும் அல்லவா? அதற்கும் அண்ணியிடம் வழி இருந்தது. மீந்த அதே துணியில் மெல்லிய பட்டி வெட்டி, வெள்ளியாய் வெளிர்ந்த அதன் பின்பக்கம் வெளியே தெரிய, துளைகளின் மேல் வைத்துத் தைத்துவிட்டார்.

திங்கட்கிழமை மிஷின் வாங்க வந்தவர் வாசலில் நின்றார். உள்ளே மிஷின்கள் போட்ட சத்தத்தில் நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. கையைக் காட்டி, போகச் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் ரத்து செய்ததிலேயே இனிமையான ரத்து அதுதான்!

அன்று மதியம் ஓர் உறையை விமானத்தில் மாட்டினோம். கச்சிதம்! விருந்தினர் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "பிரிச்சு விட்டது சரி. இந்த வெள்ளிக்கோடு அழகா இருக்கே, புது டிசைனா?" என்றார்.

"ஆமா சார். புது டிசைன்" என்றேன்.

சார், இன்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது டிசைன் இல்லை, ஊசி ஓட்டையை மறைத்த ஒட்டு! சிரிக்கிறார், பாருங்கள்! அந்தக் கோடு பிடித்துப்போய்த்தான், அவர்களுடைய மற்றப் பழைய விமானங்களுக்கும் அதே கோட்டோடு உறை கேட்டார்கள். அந்த வேலைக்கு இடம் போதாமல்தான், அன்பர்களே, இந்த இரண்டாவது கூடம்!

இன்னொன்றும் கையில் வைத்திருக்கிறேன். போன வாரம் விருந்தினர் அனுப்பிய புதிய அளவுத்தாள். ஒரு வரியை மட்டும் படிக்கிறேன்: "தையலுக்கு உள்ளே விட வேண்டிய துணி, இரண்டு விரல்." சார், ஆறு மாதக் குழந்தைக்கும் இடம் கொடுத்துவிட்டீர்கள்!

பெரியோர்களே, தாய்மார்களே! திட்டம் போடுங்கள், திருத்தமாகப் போடுங்கள். ஆனால் உள்ளே இரண்டு விரல் துணி விடுங்கள்! ஒப்பந்தத்தில் விடுங்கள். கோபத்தில் விடுங்கள். கணவன் மனைவி பேச்சில் கட்டாயம் விடுங்கள். உலகம் நம் அளவுத்தாளைப் படித்துவிட்டா வருகிறது? ஒல்லியாக வரும் என்பது பெருத்து வரும். நாளைக்கு வரும் என்பது நான்கு வருடம் கழித்து வரும். வந்தே தீரும் என்பது ரத்தாகும். அத்தனைக்கும் ஈடு கொடுப்பது எது? வெளியில் மினுங்கும் துணியா? இல்லை! யார் கண்ணுக்கும் தெரியாமல், யார் கத்தரிக்கும் சிக்காமல், உள்ளே மடிந்து கிடக்கிறதே, அந்த இரண்டு விரல்!

அந்தப் புது விமானம் ஒருநாள் வரும். வரட்டும், வாழ்த்துவோம்! அதற்கும் நாங்களே தைப்போம்.

இப்போது கூடத்தைத் திறக்க வேண்டும். அண்ணி, மேடைக்கு வாங்க. இந்தாங்க கத்தரி, ரிப்பனை வெட்டுங்க.

என்ன சொல்றீங்க அண்ணி? மைக்ல சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்... மாட்டாராம்! நானே சொல்கிறேன்: "நல்ல ரிப்பன் தம்பி, இத எதுக்கு வெட்டணும்? முடிச்ச அவுத்தா போதாதா?" என்கிறார்!

அவிழ்க்கட்டும். அவர் அவிழ்த்து முடிக்கும் வரை பொறுமையாக எழுந்து நில்லுங்கள். கொஞ்சம் தாமதமாகும், ரத்து ஆகாது!

இதுவரை காதும் கைதட்டலும் கொடுத்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. தலைவர் அவர்களுக்கு நன்றி, கோபிக்காத விருந்தினருக்கு இரட்டை நன்றி. கேட்காத அண்ணிக்கும், நிற்காத முப்பத்திரண்டு மிஷின்களுக்கும் இந்த வியாபாரியின் வணக்கம்!