இல்லாத ஆள் கேட்ட விலை

ரமணா மாமாவுக்கு மாத்திரை தொண்டையில் ஒட்டும், இன்ஸ்பெக்டர் சார். தயிர்சாதத்தில் பொதித்து ஊட்டினால்தான் இறங்கும். அவர் மனைவி, என் அக்காவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அந்த வேலையை நானே ஏற்றுக்கொண்டேன்.

மாமாவுக்குச் சித்தூரில் மாங்காய் மண்டி. எனக்குக் கங்காதர நெல்லூரில் தோப்பு. என் காய் முழுவதும் அவருக்குத்தான் போகும். விலையை வாயால் பேசமாட்டோம். துண்டுக்கடியில் கைகோத்து விரலை அழுத்திச் சொல்வோம். நான்கு வருடமாக அவருக்குப் பார்க்கின்சன், நடுக்குவாதம். விரல் நடுங்கியதை நான் ஒருநாளும் விலையில் சேர்த்ததில்லை. அந்த நேர்மை என்னிடம் உண்டு.

சித்திரையில் அவர் இல்லாத ஆட்களைப் பார்க்க ஆரம்பித்தார். திருப்பதிக்கு அழைத்துப்போனேன். டாக்டர் சிவசங்கரி விளக்கினார்: மூளையில் செரட்டோனின் என்று ஒன்று, இந்த நோயில் அதன் வரத்து குறைகிறது. அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளில் ஒருவகையோ, பார்வைப் பகுதியில் சிலருக்குக் கூடிவிடுகிறது. காலி இடத்தில் ஆள் தெரிவது அதனால் இருக்கலாம். எனக்கு உடனே புரிந்தது. சரக்கு குறைந்து வாங்குகிறவன் பெருகினால் என்ன ஆகும் என்று மண்டிக்காரனுக்குச் சொல்லவா வேண்டும்? அந்த ஏற்பிகளை அடக்க மாத்திரை எழுதி, "ஒருநாளும் தவறக்கூடாது, எதையாவது பார்த்து எழுந்து ஓடிவிடுவார்" என்றார்.

மறுநாள் காலை, மாத்திரை தொடங்குவதற்கு முன், துண்டைப் போட்டோம். நான் கிலோவுக்குப் பதினெட்டு கேட்டேன். பதினாலில் நின்றவர் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"டேய் சேகரு, யார்ரா அவனுங்க? வரதய்யபாளையத்து யாவாரிங்க மூணு பேரு நின்னுகினு கீறானுங்க."

அங்கே ஒரு பூனைகூட இல்லை.

"ஆமா மாமா, என் காயைத்தான் கேட்டுகினு கீறாங்க. நீ துன்னுட்டு வா, நான் அவங்களாண்ட பேசிக்கிறேன்."

"உங்க அக்கா புருசன் நானிருக்க சொல்லோ அவனுங்களுக்குக் குடுப்பியாடா?"

விரல் இருபதுக்குப் போனது.

அன்றிலிருந்து தயிர்சாதத்தில் சத்து மாத்திரை. அதே வெள்ளை, அதே உருண்டை. மாமாவும் சந்தோஷமாகத்தான் இருந்தார். நோய் வந்தபின் பேச்சுக்குக்கூட யாரும் வராத மண்டியில் இப்போது தினம் பத்துப் பேர். எல்லோருக்கும் டீ சொல்வார். வீணாக்காமல் நானே குடித்தேன்.

நேற்றுப் பேரம் படியவில்லை. "காயை அவங்க லாரியிலயே ஏத்திடறேன் மாமா" என்றேன். வழக்கமாகச் சொல்வதுதான். மாமா துண்டை உதறிவிட்டு எழுந்தார்.

"எவன்டா அது, என் மச்சான் காயை ஏத்திகினு போறது?"

சாலைக்கு ஓடினார். அவர் துரத்திய லாரி அங்கே இல்லை. வேலூரிலிருந்து வந்த லாரி இருந்தது.

மாத்திரையை மாற்றியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். நிறுத்திவிட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள், சார். காய் சீசன் முடியும்வரை தள்ளிப்போட்டிருந்தேன், அவ்வளவுதான்.