வெள்ளை அட்டை

ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு எங்கள் அதிகாரியின் கைத்துப்பாக்கி என் மேஜைக்கு வரும். குண்டுகளை எடுத்துவிட்டு, முதலில் அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பேன். பத்தொன்பது வருடமாக போலீஸ் ஆயுதக் கிடங்கில் இதுதான் என் வேலை. நல்ல துப்பாக்கி பேசாது. தளர ஆரம்பித்தது லொடலொடக்கும்.

பிறகு கழற்றுவேன். மேல்பகுதி சறுக்கும் தடத்தில் கறுப்புப் பூச்சு ஒரு பக்கம் மட்டும் உரிந்து பளபளத்தால், அங்கே இரும்பை இரும்பு தின்கிறது. குழலைக் கட்டைவிரலால் அழுத்தினால் அசையக் கூடாது. தானாக வெடிக்காமல் பூட்டி வைக்கும் சேஃப்டியை நகர்த்தினால் ‘டக்’கென்று விரலில் தெரிய வேண்டும். எல்லாம் சரியென்றால் வெள்ளை அட்டை கட்டுவேன். இல்லையென்றால் சிவப்பு. சிவப்பை நான் அவிழ்க்கும்வரை அதை யாரும் இடுப்பில் சொருகக் கூடாது.

அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் இஸ்திரி. அவர் சட்டை மடிப்பில் காய்கறி நறுக்கலாம். போன வருடம் நான் கட்டிய சிவப்பு அட்டை ஒன்றை அவரே பிய்த்துப் போட்டார். அன்று துப்பாக்கிப் பற்றாக்குறை.

“கொஞ்சம் ஆடுது, அவ்வளவுதானே பெரியவரே? உங்களுக்கும்தான் பல்லு ஆடுது. சாப்பிடாமலா இருக்கீங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தத் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போனது காவலராக இருந்த என் மாப்பிள்ளை. ஒரு வீட்டு வாசலில் முதல் குண்டு போனது. இரண்டாவது சிக்கிக்கொண்டது. எதிரில் நின்றவனுடையது சிக்கவில்லை.

விசாரணையில் இஸ்திரி சொன்னார்: “செக் பண்ணது அவரோட மாமனார்தான். சொந்த மாப்பிள்ளைக்குக் கெட்டதைக் கொடுப்பாரா?” குப்பைக்கூடையிலிருந்து எடுத்து வைத்திருந்த சிவப்பு அட்டையைக் காட்டினேன். இதை நேற்றுகூட எழுதியிருக்கலாமே என்றார்கள்.

சாவுக்கு அவர் வரவில்லை. அவர் மனைவி வந்தார். பொழுது சாயும்வரை என் மகளின் கையை விடவில்லை. பிறகு மகள் தினமும் அவர் வீட்டுக்குப் போய்த் தையல் பழகினாள். ஒருநாள் அவளை அழைத்துவரப் போயிருந்தேன். மெஷினில் அந்தம்மா, பக்கத்து நாற்காலியில் மகள். இஸ்திரி உள்ளே வந்தார். பெல்ட்டைக் கழற்றித் துப்பாக்கியோடு மேஜைமேல் எறிந்தார். அதன் வாய் தையல் மெஷினைப் பார்த்தபடி நின்றது. அந்தம்மா தலைநிமிராமல் துணியை மட்டும் நகர்த்திக்கொண்டார். பழகிய சத்தம்.

இஸ்திரியின் துப்பாக்கியில் முதலில் லொடலொடப்பு வந்தது. மூன்றாம் மாதம் குழல் அசைந்தது. ஆறாம் மாதம் சேஃப்டி வெண்ணெயில் போவதுபோல் போனது. மாற்ற வேண்டிய ஸ்பிரிங் என் இழுப்பறையிலேயே இருந்தது. ஒவ்வொரு மாதமும் வெள்ளை அட்டை கட்டினேன்.

நான் எதையும் தேய்க்கவில்லை, எதையும் தளர்த்தவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் துப்பாக்கி, அவர் இடுப்பு. வெடித்தால் அவர் காலில் வெடிக்கும் என்றுதான் நினைத்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் வழக்கம்போல எறிந்தார். வெடித்தது. அந்தம்மா மெஷின்மேல் அப்படியே சாய்ந்துவிட்டாராம்.

பிணவறை வாசலில் இஸ்திரியைப் பார்த்தேன். சட்டை கசங்கியிருந்தது. பித்தான் மாறிப் போட்டிருந்தார். நான் காத்திருந்தது அதைப் பார்க்கத்தான். அதை ஒப்புக்கொள்கிறேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

வெள்ளை அட்டைகளை வைத்து என்னைப் பிடித்தார்கள். நேற்று மகள் இந்த ஜெயிலுக்கு என்னைப் பார்க்க வந்தாள். அழவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மெதுவாகத்தான் பேசினாள்.

“நூல் எடுக்க எழுந்திரிச்சேன்ப்பா. இல்லன்னா அந்தம்மா பக்கத்து நாற்காலியில நானும்தான் இருந்திருப்பேன். அது தெரிஞ்சுதானே வெள்ளை கட்டினீங்க?”