சிவானந்தனைப் பற்றி விசாரிக்க வந்தவர்

அவனோ உங்களை அனுப்பினவன்? தானாகவே என்ர விலாசத்தைத் தந்தவனோ? வாத்தியார் பொய் சொல்லமாட்டார், அவரிட்டயே கேளுங்கோ எண்டோ?

ம். இருங்கோ அண்ணை. சாதகம் பொருந்தினாப் பிறகு நாலு பேரிட்ட விசாரிக்கிறதுதானே முறை.

இல்லை, குடிக்கமாட்டான். சிகரெட்டும் இல்லை.

எண்பத்தி நாலில இருந்து தெரியும். ஊரில பௌதிகம் படிப்பிச்ச நான் இங்க லண்டனுக்கு வந்து சவுத்தாலில பெற்றோல் ஷெட்டில நிண்டனான். சிவானந்தன் ரெஸ்ரோறண்டில கோப்பை கழுவினவன். ஆறடி ரெண்டு அங்குலம். ரீவியில அமெரிக்கன் புட்போல் காட்டத் தொடங்கின காலம். பாத்திருப்பியள், தலையில சட்டியைக் கவிட்டுக்கொண்டு ஆளையாள் இடிக்கிறது. பேர்தான் கால்பந்து, காலுக்கு வேலை குறைவு. சிரியுங்கோ, என்ர மனுசியும் சிரிச்சவதான். நான் லைப்ரரியில அந்த விளையாட்டின்ர சட்டப் புத்தகத்தை எடுத்து அடிக்குறிப்பும் விடாமல் வாசிச்சுப்போட்டுத்தான் பார்க்கில ஆள் சேத்தனான். இடிக்கிறதுக்குப் பலம் முக்கியமில்லை அண்ணை, கோணம்தான் முக்கியம். அதை அவனுக்குப் படிப்பிச்சது நான்.

ஆர் எந்தப் பக்கம் ஓடுறது, பந்து ஆரிட்டப் போறது எல்லாம் ஒரு தடிச்ச மட்டை போட்ட சி.ஆர். கொப்பியில கீறி வைச்சிருந்தன். நாப்பத்திரண்டு படம். ரெண்டு வருச வேலை.

எண்பத்தேழில வேற ஒரு கிளப் அவனைக் கேட்டது. ஓம், சம்பளத்துக்கு. எனக்குத் தெரிய, எங்கட ஆக்களில இதைச் சம்பளத்துக்கு விளையாடின முதல் ஆள் அவன்தான். போனது பிழையெண்டு நான் சொல்லேல்லை. கொப்பியையும் கொண்டெல்லோ போனவன்!

எப்பிடித் தெரியுமெண்டோ? அடுத்த மாசம் அவையோட எங்களுக்கு மட்ச். எங்கட பந்து போற இடமெல்லாம் அவை முன்னமே போய் நிக்கினம். நாப்பத்தொண்டுக்குச் சைபர். எங்கட யேசுரட்ணத்துக்குத் தோள்மூட்டுக் கழண்டது. அண்டோட டீம் கலைஞ்சுது. அடுத்த வருசம் அவன் அங்க கோச். பேப்பரில படமும் போட்டவை, எல்லாம் தன்ர சொந்த யோசனையாம்.

இப்பவும் கோச்தான், அஞ்சு வருசமா. நல்லாப் பழக்கிறான், அதையும் சொல்லத்தானே வேணும். சொன்ன நேரத்துக்கு நிப்பான். ஆரிலயும் கை வைக்கமாட்டான்.

கோவமோ? ஒருக்கா வந்து கதைச்சிருந்தா முடிஞ்சிருக்கும். ஒரு ரெலிபோன்கூட இல்லை.

உங்களுக்கு முந்தியும் மூண்டு தகப்பன்மார் வந்தவை. அவையை அவன் அனுப்பேல்லை, கோயிலில கேட்டு வந்தவை. ஒருத்தருக்கும் நான் பொய் சொல்லேல்லை. அவனைப் பற்றி என்னட்டக் கேக்காதேங்கோ, வேற ஆரிட்டயும் விசாரியுங்கோ எண்டு மட்டும் சொன்னனான். எங்கட சனத்துக்கு அது காணுமெல்லோ. மூண்டு சம்பந்தமும் குழம்பிப் போச்சு.

ஆர் குழப்பினதெண்டு தெரிஞ்சுதான் உங்களை அனுப்பினானோ, தெரியாமல் அனுப்பினானோ, அது எனக்குத் தெரியாது.

மகளின்ர பேர் பாமா எண்டனீங்கள் என்ன? அவனுக்கே குடுங்கோ. ஆனா கலியாணத்தைக் கெதியாச் செய்து முடியுங்கோ அண்ணை. இன்னொரு தகப்பன் வந்து கேட்டா நான் என்ன சொல்லுவனெண்டு எனக்கே தெரியாது.