சிந்தியா, ஹிந்தியா?

“அவ்வளவு பேரையும் ஹிந்திக்காரராக்கிப் போட்டீங்களே, நானா!”

ஸ்காபரோ பஸ்ஸில் என் முன் சீட்டுப் பெண் கத்தியதில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் ஒரு பெரியவர்; அண்ணன் முறைக்கு அவரைத்தான் ‘நானா’ என்கிறாள்.

“நபியவங்கட வரலாறு எழுதின சிந்தி ஆலிம்களப் பத்தித்தானே நான் கட்டுரை தந்தன்? பள்ளிவாசல் மலரில ஹிந்தி ஆலிம்கள் எண்டு கிடக்குது!”

“எழுத்துப்பிழையாக்கும் எண்டு நான்தான் திருத்தினன்.”

“எல்லா இடத்திலயுமா?”

“சிந்தி எண்டொரு பாஷை இருக்கெண்டு ஆருக்குத் தெரியும் பிள்ளை?”

“அந்த ஆலிம்கள் எழுதின புத்தகங்கள எனக்கு வாசிச்சு விளங்கப்படுத்தினதே பக்கத்து வீட்டுச் சிந்தி மனுசிதான். அவவுக்குத் தமிழ் தெரியாது. மலரை விரிச்சு வச்சு, ‘இதில சிந்தி எண்டு எங்க இருக்கு?’ எண்டு விரலால தேடுறா. நான் எதைக் காட்ட, நானா?”