சிமெண்ட் கிடங்கில் முப்பத்தோரு போன்

— நீங்க கேள்வியையே தப்பாக் கேக்கறீங்க மாமா. யாரெல்லாம் போன்ல பாடம் பாக்கலன்னு கேட்டா சாயங்காலம் வரைக்கும் சொல்லிட்டிருக்கணும். யார் பாத்தாங்கன்னு கேளுங்க, ஒரே பேச்சுல முடிஞ்சிடும்.

— சரிம்மா. யார் பாத்தாங்க?

— நான்.

— நீ உன் பங்குக்குப் பாத்திருப்பே. மத்தவங்க?

— எனக்கு ஏது பங்கு? பட்டியல்லயே என் பேர் இல்லையே. முப்பத்தோரு பேருக்கும் நான்தான் பாத்தேன்.

— விளையாடற நேரமா இது? தலைமை ஆபீஸ்ல இருந்து நாளைக்குப் பத்து மணிக்கு வர்றாங்க. எந்த சைட்டுலயும் ஆளுங்க பாடத்தைப் பாதியில விட்டுட்டு ஓடறாங்களாம், இங்க மட்டும் மொத்தப் பேரும் பாஸாம். எப்படின்னு பாக்கணுமாம். ஆளுக்கு மூணு கேள்வி கேப்பாங்களாம்.

— கேக்கட்டும். கேள்வி கேக்கறதுக்குத்தானே வர்றாங்க.

— உனக்கென்ன, சுலபமாச் சொல்லிட்டே. மேஸ்திரின்னு மேல கையெழுத்துப் போட்டவன் நான். ஒருத்தன் முழிச்சாலும் என் சீட்டுதான் கிழியும். ஆமா, முப்பத்தோரு போன்ல எப்படிப் பாத்தே? உனக்கு என்ன பத்துக் கண்ணா?

— சிமெண்ட் கிடங்குல, பெரிய மணல் சல்லடையை மூட்டை மேல சாய்ச்சு வெச்சு, அதுல வரிசையாப் போனை அடுக்கிடுவேன். ஒண்ணை அமுக்கிட்டு அடுத்ததுக்குப் போறதுக்குள்ள முதல் போன்ல பாடம் நடத்தற அம்மா பேச ஆரம்பிச்சிடும். அப்புறம் ரெண்டாவது, மூணாவதுன்னு அதே வார்த்தை வந்துட்டே இருக்கும். ஒரு வாக்கியம் முப்பத்தோரு தடவை. மண்டையில ஆணி அடிச்ச மாதிரி இறங்கிடுச்சு.

— பாக்கறது அவனவன்தானான்னு பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போன் மூஞ்சியைக் காட்டச் சொல்லுமே?

— கிடங்கு ஜன்னல் இருக்குல்ல. பல் டாக்டர்கிட்ட வந்த மாதிரி வரிசையா வந்து காட்டிட்டுப் போவாங்க. குட்டைக் கொத்தனாருக்கு மட்டும் ஜன்னல் எட்டாது, ரெண்டு செங்கல் போட்டு வெச்சிருக்கேன்.

— இத்தனை பேருக்கு உழைக்க நீ என்ன தர்மச் சத்திரமா? என்ன வாங்கினே அவங்ககிட்ட?

— ஒரு பாடத்துக்கு ஆளுக்கு இருபது செங்கல். என் செங்கல்லை அவங்க மேல ஏத்தணும். இருபத்தாறு பாடம். நாலு மாசமா நான் தலையில சும்மாடு வெச்சு நீங்க பாத்தீங்களா?

— உனக்கு உடம்புக்கு முடியலன்னு நினைச்சேன். உங்க அக்காகிட்டச் சொல்லி டாக்டரைப் பாக்கச் சொல்லலாம்னுகூட இருந்தேன்.

— நினைச்சீங்களே, அதுவே பெருசு.

— எல்லாப் பயலும் நூத்துக்கு நூறு வாங்கியிருக்கான். பூச்சுக்காரர் மட்டும் எப்படி நாற்பது?

— ரெண்டு தடவை செங்கல் தூக்காம டிமிக்கி குடுத்தார். பரீட்சையில வேணும்னே தப்புத் தப்பா அமுக்கி, பாஸோட நிறுத்தினேன்.

— அப்ப எனக்கு ஏன் எழுபத்திரண்டு? நான் என் போனை உன்கிட்டக் குடுக்கவே இல்லையே.

— நீங்க அக்காகிட்டக் குடுத்தீங்க. அக்கா ரெண்டு பாடம் பாத்தா, கொட்டாவி விட்டா, எங்கிட்டத் தள்ளிட்டா. மேஸ்திரி போன் மட்டும் மூஞ்சி கேக்காது. உங்களுக்கு நூறு போட்டா ஆபீஸ்ல நம்பணுமே மாமா.

— வாய் மட்டும் குறைச்சல் இல்ல.

— இன்னொண்ணும் சொல்லிடறேன். நேத்து மூணாம் மாடியில ஊத்தினீங்களே, அது காங்கிரீட் இல்ல, கஞ்சி. பதினோராம் பாடம். கூம்புல கொட்டிப் பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். பின்பக்கச் சாரத்துக்குக் காலடியில பலகையே இல்ல, ஈர மண்ணுல நிக்குது. அது நாலாம் பாடம்.

— மெதுவாப் பேசு, எஞ்சினீயர் காதுல விழப்போகுது.

— விழணும்னுதான் சொல்றேன். சாரத்து மேல ஆறு பேர் நிக்கறாங்க.

— சரி, சரி, பலகை வைக்கச் சொல்றேன். இப்ப நாளைக்கு வழி சொல்லு. இன்னும் ரெண்டு மணி நேரம் வேலை இருக்கு, நான் நிறுத்திடறேன். எல்லாரையும் கிடங்குல உக்கார வெச்சுச் சொல்லிக் குடு. நீ சொன்னா கேப்பானுங்க.

— சொல்லிக் குடுக்கறேன். என் பேரைப் பட்டியல்ல எழுதுங்க.

— ஆரம்பிச்சிட்டியா? அது தேர்ச்சி வேலைக்காரங்க பட்டியல். சித்தாளுக்கு அதுல இடம் கிடையாது.

— முதல் நாள் கேட்டப்பவும் இதேதான் சொன்னீங்க. சுமக்கறவளுக்குப் படிப்பு எதுக்குன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க.

— நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது. அதையா இன்னும் வெச்சிட்டிருக்கே?

— பேனா உங்க காதுலதான் இருக்கு மாமா. ஒரு வரி.

— இப்ப நடுவுல உன் பேரைச் செருகினா, இத்தனை நாள் ஏன் விட்டேன்னு கேப்பாங்களா இல்லையா? அதுவும் சொந்தக் கொழுந்தியா பேரு. ஆபீஸ்ல நாக்கு மேல பல்லுப் போட்டுப் பேசுவாங்க. அடுத்த வருஷம் புதுப் பட்டியல் வரும்ல, அதுல முதல் பேரா எழுதறேன்.

— எழுத மாட்டீங்க.

— அட, சத்தியமா. யோசிச்சுப் பாரு, ஆபீஸ் எதுக்கு இந்தப் பாடத்தைக் கொண்டுவந்தது? தொழில் கத்துக் குடுத்தா ஆளு வேற இடத்துக்குத் தாவாம இங்கயே தங்குவான்னுதான். நீயும் தங்கு, உன் நேரம் வரும். எங்க போயிடப் போறே?

— எதிர்ல, ரோட்டைத் தாண்டி.

— அந்த ஆறு மாடிக் கட்டடத்துக்கா? அங்க சுமக்கறதுக்கு உனக்கு யார் இருபது செங்கல் தூக்குவா?

— மேல்பார்வைக்கு ஆள் தேடறாங்கன்னு டீக்கடையில சொன்னாங்க. போன வாரம் போய்ப் பாத்தேன். பாடம் முடிச்ச அட்டை இருக்கா, பட்டியல்ல பேர் இருக்கான்னு ஒரு வார்த்தை கேக்கல. வரைபடத்தை விரிச்சு, இதுல எந்தத் தூண் தப்புன்னு கேட்டாங்க. காட்டினேன்.

— காட்டினியா?

— ரெண்டு காட்டினேன். அவங்க ஒண்ணுதான் நினைச்சிருந்தாங்க. நாளைக்குக் காலையில வந்து சேரச் சொல்லிட்டாங்க. இன்னைக்குக் காலையிலயும் உங்ககிட்ட ஒருவாட்டி பட்டியலைப் பத்திக் கேட்டேனே, மாட்டேன்னீங்க, அதுக்கப்புறம்தான் அவங்களுக்குச் சரின்னு சொல்லி அனுப்பினேன்.

— உன் அக்கா முகத்துக்காகவாவது நாளைக்கு ஒரு நாள் இரும்மா. நீ போயிட்டா இந்த முப்பது பயலும் ஒரு கேள்விக்கும் பதில் தெரியாம நிப்பானுங்க, நான் அவமானப்பட்டுச் சாவேன்.

— அந்தக் கவலையே வேண்டாம் மாமா. ஒரு செட்டு ஆளோட வரச் சொன்னாங்க. முப்பது பேரும் காலையில எங்கூட அங்க வர்றாங்க, இங்க பதில் சொல்ல நீங்க ஒருத்தர்தான் இருப்பீங்க.