கேட்காமல் விட்ட முறை

"நூத்துக்கு அம்பத்திரெண்டு மார்க்குக்குக் கப்பல் குடுப்பாங்களாடா?"

எண்பதுகளில் ஒரு மதியம், பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் கேட்டது இது. கேட்டவர் மடியில் வலைநூல் கண்டுகளோடு ஒரு மீனவர். ஜன்னலோரம் அவர் மகன், கையில் கப்பற்படை அதிகாரிப் பயிற்சிக்கான விண்ணப்பம்.

"பிளஸ் டூ பாஸானா போதும் நைனா. அவங்களே தனியா பரீட்சை வெப்பாங்க."

"போன வாட்டியும் வெச்சாங்களே."

"அதுல நான் வரல."

"வராட்டி இன்னா? போன வாட்டி வேற ஊர்க்காரனுக்கு, இந்த வாட்டி நமக்கு. ஏரியில மீன் புடிக்க நம்ம ஊர்ல முறை வெக்கல? எல்லாருக்கும் ஒரு நாள் வருதே."

"அங்க முறைலாம் கெடையாது நைனா. இதான் கடைசி. அப்பால வயசு தாண்டிடும்."

மகன் விண்ணப்பத்தை நீவிக்கொண்டே இருந்தான். ஏரி கண்ணில் பட்டதும் அவர் மகன் பக்கம் திரும்பினார்.

"ஒனக்கு ஒடம்பு முடியலன்னா ஒன் முறையில நான் எறங்குறேன் இல்ல?"

"ஆமா."

"எனக்கும் அந்தக் கப்பல்ல ஒரு முறை இருந்திருக்கும். ஒன் வயசுல கேக்கணும்னே எனக்குத் தெரியல. அத ஒன் பேர்ல போட்டுக்கச் சொல்லி எழுதேன்."