சேவருக்குள் இருந்த கணவர்

கொக்கட்டிச்சோலை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். பஸ் மண்முனைப் பாலத்தில் ஏறும்போது கணவர் சொன்னார்:

"நேத்து முழுக்க நான் சேவருக்குள்ளதான் கிடந்த நான்."

மடிக்கணினிப் பையைக் கீழே வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்கத் தொடங்கினேன்.

"நேத்து என்ட தங்கச்சி வீடு குடிபூந்தது. நீங்க மட்டும் வரல்ல. இப்ப போய் அவட மூஞ்சில எப்படி முழிக்கிற?"

"ஒபிஸ் வேலையெண்டு சொல்லுவம். சந்தேகமெண்டா எங்கட மட்டக்களப்பு ஒபிஸ் சேவர் கொம்பியூட்டரப் பாருங்க. விடியத் தொடங்கிப் பின்னேரம் மட்டும் என்ட பேரில வேலை ஓடியிருக்கு."

"ஓம், பார்த்த நான். வேற கிளையால அனுப்புற வேலையெல்லாம் உங்கட பேரிலதானே ஓடும்? மற்றக் கிளையாக்களுக்கு அந்தச் சேவர்ல பேர் இல்லயே."

"அது ஓம். ஆனா ஆராவது பக்கத்தில நிண்டு பாக்கோணும்."

"தேவல்ல. வரிசையில போட்டா தன்பாட்டில ஓடி முடியும். நீங்க நித்திரை கொண்டாலும் ஓடும்."

"இதெல்லாம் உங்களுக்கு ஆர் சொன்ன?"

"ஆர் சொல்லோணும்? நேத்து விடியத் தானாத் தொடங்கட்டுமெண்டு, முந்தநாள் எங்கட களுவாஞ்சிக்குடிக் கிளை ஒபிஸில இருந்து அந்த வேலைய அனுப்பினதே நான்தான். உங்கட பேர் நல்லா வேலை செய்திருக்கு. ஆள் எங்க நிண்ட?"

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"மெட்ச் புள்ள. பைனல்."

"எத்தினை அடிச்ச?"

"முதல் பந்திலயே அவுட்."

"அப்ப தங்கச்சிட்ட சேவரெண்டே சொல்லுங்க. இத வெளியில சொன்னா எனக்குத்தான் வெக்கம்."